டேக் ஓவர்: காரைக்காலுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் 'டேக்' என்றால் எடு. 'ஓவர்' என்றால் மேலே, தாண்டி, முடிந்தது என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும். இரண்டையும் சேர்த்து 'டேக் ஓவர்' என்று சொன்னால் 'மேலே எடு' என்று பொருள் வருமா என்றால், வராது. அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. அந்தப் பொருளும் ஒன்றல்ல.

பிரெஞ்சு வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தின் நீளமான சொற்கள் பயம் தரவில்லை. அட்மினிஸ்ட்ரேஷன், பொசெஷன் என்பவையெல்லாம் பிரெஞ்சிலும் அதே எழுத்துகளில்தான் இருக்கின்றன, உச்சரிப்புதான் வேறு. மிரட்டியவை சின்னச் சொற்கள். டேக் ஆஃப், டேக் அப், டேக் இன், டேக் ஓவர் என்று ஒரே வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பொடிச்சொல்லை மாற்றி ஒட்டினால் ஒவ்வொன்றும் வேறு வேலையைக் காட்டும். பிரெஞ்சில் ஒவ்வொரு வேலைக்கும் தனி வினைச்சொல்லோ ஒரு பெயர்ச்சொல்லோ இருக்கும். அகராதியில் 'டேக்' தனியாக, 'ஓவர்' தனியாகப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

காரைக்கால்காரர்களுக்கு இந்த 'டேக் ஓவர்' வெறும் இலக்கணப் பாடம் அல்ல. இந்த ஊரின் முந்நூறு ஆண்டுக் கதையே இந்த ஒரு சொல்லின் வெவ்வேறு பொருள்கள்தான். எந்த ஆண்டில் எந்தப் பொருளில் நடந்தது என்று தெரியாமல் போனால், வீட்டில் இருக்கும் பழைய தஸ்தாவேஜுகளையும் சரியாகப் படிக்க முடியாது.

முதலில் அலுவலகத்துப் பொருளைப் பார்ப்போம். அரசாங்க வேலையில் இருந்த எல்லோருக்கும் 'சார்ஜ் ரிப்போர்ட்' தெரியும். ஒருவர் மாற்றலாகிப் போகிறார், இன்னொருவர் வருகிறார். ஒரே தாளில் இரண்டு கையெழுத்து. போகிறவர் 'ஹேண்டட் ஓவர்' என்ற இடத்திலும் வருகிறவர் 'டேக்கன் ஓவர்' என்ற இடத்திலும் போடுவார்கள். தேதி மட்டும் போதாது. முற்பகலா பிற்பகலா என்றும் எழுத வேண்டும். ரொக்கம், ரசீதுப் புத்தகம், சாவி, முத்திரை என்று என்னென்ன கைமாறின என்ற பட்டியலும் கூட இருக்கும். எந்த நிமிஷத்திலிருந்து யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பிரெஞ்சு அலுவலக முறையில் இதற்கு 'பஸாசியோன் த செர்வீஸ்' என்று பெயர். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது: கொடுப்பவர் பக்கம் 'ஹேண்ட் ஓவர்', வாங்குபவர் பக்கம் 'டேக் ஓவர்'. இரண்டிலும் வரும் 'ஓவர்' ஒன்றேதான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேருவது என்பதே அதன் உட்கருத்து. தமிழில் 'கைமாறியது' என்கிறோமே, அதே படம்தான்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், ஆங்கிலத்தில் 'ஹேண்ட் ஓவர்' இல்லாமலும் 'டேக் ஓவர்' நடக்கலாம். கொடுப்பவர் கையெழுத்துப் போடாமலே வாங்குபவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் அதே சொல்தான். அதனால் 'டேக் ஓவர்' என்று எங்கே படித்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யாரிடமிருந்து? கொடுத்தவர் சம்மதித்தாரா? எடுத்தது எது, நிர்வாகமா அல்லது உரிமையா? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நம் ஊர்க் கதையைப் பார்க்கலாம்.

காரைக்கால் தஞ்சை மராட்டிய அரசருக்குச் சொந்தமாக இருந்தது. 1738-ல் அரியணைச் சண்டையில் சிக்கியிருந்த சாயாஜி, பண உதவிக்குப் பதிலாக இந்த ஊரைப் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். அப்போது புதுச்சேரியில் கவர்னர் துய்மா. காரியம் முடிந்ததும் அரசர் இழுத்தடித்தார். பேச்சு ஒப்பந்தம் இருந்தது, கைமாறவில்லை. கடைசியில் சந்தா சாகிப் தலையிட்டு, தன் படையைக் கொண்டு இடத்தைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் சேர்ப்பித்தார். 1739 பிப்ரவரி 14-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை எடுத்துக்கொண்டார்கள். அரசர் தரப்பு பின்னால் சம்மதித்தது. நம் சார்ஜ் ரிப்போர்ட் பாஷையில் சொன்னால், 'டேக்கன் ஓவர்' கையெழுத்து முதலில் விழுந்தது, 'ஹேண்டட் ஓவர்' கையெழுத்து பிறகு வந்தது.

அதற்குப் பின் ஆங்கிலேயர் மூன்று முறை இந்த ஊரை எடுத்தார்கள். 1760 ஏப்ரலில் முதல் முறை. 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1778-ல் இரண்டாம் முறை. 1783 வெர்சாய் உடன்படிக்கைக்குப் பிறகு 1785-ல் திரும்பியது. 1793-ல் மூன்றாம் முறை. இந்த முறை நெப்போலியன் காலம் முழுவதும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் 1817 ஜனவரியில்தான் காரைக்கால் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது.

இந்த ஆறு நிகழ்ச்சிகளையும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'டேக் ஓவர்' என்ற ஒரே சொல்லாலேயே எழுதிவிட முடியும். ஆனால் 1760-ல் நடந்தது பீரங்கி வைத்துப் பிடித்தது. 1765-ல் நடந்தது எழுத்து மூலம் திரும்பப் பெற்றது. தமிழில் முதலாவதைக் 'கைப்பற்றினார்கள்' என்போம், இரண்டாவதைத் 'திரும்பப் பெற்றார்கள்' என்போம். பிரெஞ்சிலும் இரண்டுக்கும் வேறு வேறு வினைச்சொல். ஆங்கிலம் மட்டும் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதுகிறவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அக்டோபர் 21-ஆம் தேதி இரண்டு அரசுகளுக்கும் ஒப்பந்தம். நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. கேவல் சிங் முதல் தலைமை ஆணையர் ஆனார். ஆங்கிலத்தில் இதையும் 'டேக் ஓவர்' என்றே சொல்வார்கள். தவறில்லை. கொடுப்பவர் கையெழுத்தும் இருக்கிறது, வாங்குபவர் கையெழுத்தும் இருக்கிறது. முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சுத்தமாக வந்துவிட்டது.

மூன்றாவது கேள்விதான் மிச்சம். எடுத்தது எது? நிர்வாகம் மட்டும்தான். ஊரின் உரிமை சட்டப்படி இன்னும் பிரான்சிடமே இருந்தது.

காரணம் பிரான்சின் அரசியலமைப்பு. 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27-வது பிரிவுப்படி, நாட்டின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கைக்குப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி ஒப்புதல் தர வேண்டும். அங்கே வாழும் மக்களின் சம்மதமும் வேண்டும். மக்கள் சம்மதம் கீழூரில் கிடைத்துவிட்டது. பாராளுமன்ற ஒப்புதல் உடனே கிடைக்கவில்லை. 1956 மே 28-ஆம் தேதி உரிமை மாற்றத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அதற்கு ஒரே பெயர், எழுத்தும் ஒன்றே: 'செசியோன்', அதாவது விட்டுக்கொடுத்தல். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் கோப்பு நகரவில்லை. அல்ஜீரியப் போர் ஓய்ந்த பிறகு, 1962 ஜூலையில்தான் பாரிஸ் பாராளுமன்றம் ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்புதல் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. அன்றுதான் உரிமை கைமாறியது.

நம் பெரியவர்கள் 'டி ஃபாக்டோ', 'டி ஜூரே' என்று லத்தீனில் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நவம்பர் 1 ஒன்று, ஆகஸ்ட் 16 ஒன்று. ஒரே கைமாற்றத்துக்கு இரண்டு நாள் ஏன் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், முதல் நாள் நிர்வாகம் வந்தது, இரண்டாம் நாள் உரிமை வந்தது என்று சொல்லலாம்.

இடைப்பட்ட அந்த எட்டு வருஷத்தில் காரைக்கால் எந்த நாடு? விளையாட்டுக் கேள்வி அல்ல. உச்ச நீதிமன்றமே இதைக் கேட்டது. புதுச்சேரியில் ஒரு பேருந்து அனுமதி தொடர்பான தகராறு தலைமை ஆணையர் வரை போய், அங்கிருந்து டெல்லிக்கு வந்தது. எதிர்த்தரப்பு எழுந்து, இந்தியாவுக்குள் இருக்கும் மன்றங்களின் முடிவைத்தான் இந்த நீதிமன்றம் விசாரிக்கலாம், புதுச்சேரி இந்தியாவுக்குள் இல்லையே என்றது. உச்ச நீதிமன்றம் 1961 டிசம்பரில் மத்திய அரசையே கேட்டது: புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பில் சேர்ந்ததா, இல்லையா? அரசு தந்த பதிலின் சாரம் இது: சேரவில்லை, ஆனால் முழு நிர்வாகமும் எங்களிடம் இருக்கிறது, 1947-ஆம் ஆண்டின் வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டத்தின்படி நடத்துகிறோம். நீதிமன்றம் 1962-ல் அதை ஏற்று, தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. உரிமை கைமாற அப்போது இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி.

யோசித்துப் பாருங்கள். அஞ்சல் தலை இந்தியாவுடையது, போலீஸ் இந்தியாவுடையது, ரூபாய் இந்தியாவுடையது. ஆனால் காரைக்காலை இந்தியா ஆண்டது 'வெளிநாட்டு' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்த ஒரு சட்டத்தின் கீழ். டேக் ஓவர் நடந்தாயிற்று என்று ஊர் முழுக்கத் தெரியும். எதை டேக் ஓவர் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சிலர்தான்.

அந்த எட்டு வருஷம் எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்தைத் தொட்டது. என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் 1954-க்கு முன்னால் பிறந்தவன், என் தம்பி 1957-ல் பிறந்தவன். இரண்டு பேரின் 'எத்தா சிவில்' பிறப்புப் பதிவும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. அவன் பிறந்தபோது நிர்வாகம் இந்தியாவுடையது. சட்டப்படி மண் பிரான்சுடையது. உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுக் குடிமக்களாக இந்த மண்ணில் பிறந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் இங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் நிலை பெற்றோரின் முடிவோடு போனது.

கணக்குத் தொடங்கிய நாளைக் கவனியுங்கள். 1954 நவம்பர் அல்ல, 1962 ஆகஸ்ட். 1954-லேயே எல்லாம் முடிந்துவிட்டது, இனி எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டவர்களும் இந்த ஊரில் உண்டு. சொல்தாக்கள் வீட்டில் பலர் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. 1963 பிப்ரவரி நடுவில் கதவு மூடியது. ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் பிள்ளைகள் பாரிசிலும் இன்னொருவர் பிள்ளைகள் காரைக்காலிலும் இருப்பதற்கு இந்த ஆறு மாதமும் ஒரு காரணம். எது நல்லது எது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு எடுத்தவர்கள் எடுத்தார்கள். ஆனால் எப்போது முடிவு எடுக்க வேண்டும் என்பதே 'டேக் ஓவர்' என்ற சொல்லின் எந்தப் பொருள் என்பதில் அடங்கியிருந்தது.

பழைய உத்தியோகஸ்தர்களையும் சொல்ல வேண்டும். பாரிஸிலிருந்து நியமனமாகி வந்தவர்கள் தவிர மற்ற ஊழியர்களை இந்திய அரசு தன் பணியில் ஏற்றுக்கொள்ளும் என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தார்கள். சம்பளம், விடுப்பு, பென்ஷன் நிபந்தனைகள் காப்பாற்றப்படும் என்றும் இருந்தது. பிரெஞ்சு நிர்வாகம் செய்த, இந்தப் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் செயல்களிலிருந்து வரும் உரிமைகளுக்கும் கடமைகளுக்கும் இந்திய அரசே வாரிசு என்றும் ஒரு பிரிவு. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றும் இருந்தது. நல்ல சார்ஜ் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும். சாவியை மட்டும் வாங்கிக்கொள்வதல்ல. பாக்கியையும் சேர்த்து ஏற்பது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இதே பொருள் வேறுபாடு புதுச்சேரியில் பின்னாலும் ஒரு முறை வந்தது. ஸ்வதேசி காட்டன் மில்ஸ் கம்பெனிக்குக் கான்பூர், புதுச்சேரி உள்பட ஆறு இடங்களில் ஆலை இருந்தது. 1978 ஏப்ரலில் மத்திய அரசு அவற்றின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மில்லை கவர்ன்மென்ட் டேக் ஓவர் பண்ணிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மில் கவர்ன்மென்ட் சொத்தாகிவிட்டது என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். ஆகவில்லை. நிர்வாகம் மட்டும் போயிற்று. சொத்து கம்பெனியிடமே இருந்தது. கம்பெனி வழக்குப் போட்டது. 1981-ல் உச்ச நீதிமன்றம், நிர்வாகத்தை எடுப்பதானாலும் உரிமையாளர் சொல்வதைக் கேட்க வேண்டியது அவசியம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சொத்தையே எடுத்துக்கொள்ளும் சட்டம் 1986-ல்தான் வந்தது. 1954-லிருந்து 1962 எட்டு வருஷம். 1978-லிருந்து 1986 எட்டு வருஷம். தற்செயல்தான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ள வசதி.

நமக்குக் கடலுக்கு அப்பால் இலங்கையிலும் 1960-61-ல் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதையும் ஆங்கிலப் பத்திரிகைகள் 'டேக் ஓவர்' என்றே எழுதின. அங்குள்ள தமிழர்கள் 'சுவீகரிப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். நாம் சுவீகாரம் என்றால் பிள்ளையைத் தத்தெடுப்பது என்று நினைப்போம். பள்ளிக்கூடத்தையும் தத்தெடுத்துவிட்டார்கள்! சொந்தமாக்கிக்கொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் தெளிவாக இருக்கிறது. 'டேக் ஓவர்' என்பதில் அந்தத் தெளிவு இல்லை.

இப்போது சொல்லைப் பயன்படுத்தும் முறையையும் பார்த்துவிடுவோம். பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்ல உதவும்.

ஒருவரிடமிருந்து பொறுப்பை ஏற்றால் 'டேக் ஓவர் ஃப்ரம்' என்று வரும். என்ன பதவியாக என்று சொல்ல 'டேக் ஓவர் ஆஸ்' என்று வரும். எடுக்கப்படும் பொருளை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். ஆனால் 'இட்' போன்ற சுட்டுச்சொல் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: 'டேக் இட் ஓவர்'. 'டேக் ஓவர் இட்' என்று சொன்னால் காதுக்கு இடறும். பெயர்ச்சொல்லாக எழுதும்போது இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். முன்பின்னாக மாற்றி 'ஓவர்டேக்' என்றால் சங்கதியே வேறு. நாகப்பட்டினம் சாலையில் தனியார் பஸ் செய்கிறதே, அது ஓவர்டேக். அதில் யாருடைய கையெழுத்தும் கிடையாது.

தமிழில் 'எடு' என்ற வினையோடு 'கொள்' சேர்ந்தால் 'எடுத்துக்கொள்' ஆகிறது. 'ஏற்றுக்கொள்', 'பிடித்துக்கொள்', 'வாங்கிக்கொள்' எல்லாம் அதே வழி. எடுத்தவர் பக்கம் வந்து சேர்ந்தது என்பதை அந்தச் சின்னக் 'கொள்' காட்டுகிறது. ஆங்கிலத்தின் 'ஓவர்' செய்யும் வேலையை நம் 'கொள்' செய்கிறது. இப்படிப் பார்த்தால் ஆங்கிலத்தின் இரட்டைச் சொற்கள் தமிழனுக்கு அந்நியம் அல்ல. ஒரே ஒரு வசதி நமக்குக் கூடுதல்: முன்னால் நிற்கும் வினையை மாற்றிக்கொள்ளலாம். பதவிக்குப் 'பொறுப்பேற்றார்'. கோட்டையைக் 'கைப்பற்றினார்'. நிலத்தைக் 'கையகப்படுத்தினார்கள்'. நிர்வாகத்தை 'ஏற்றுக்கொண்டார்கள்'. இவற்றில் எது பொருந்துகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'டேக் ஓவர் பண்ணினார்கள்' என்று எழுதினால், வாசகருக்கு நடந்தது தெரியாமல் போய்விடும்.

பெட்டியில் பழைய தாள்கள் வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். தாத்தாவின் பென்ஷன் புத்தகம், நொத்தேர் எழுதிய பத்திரம், மேரியில் வாங்கிய பிறப்புச் சான்று எதுவானாலும் முதலில் தேதியைப் பாருங்கள். 1954 நவம்பர் 1-க்கு முன்னாலா, 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின்னாலா, இரண்டுக்கும் நடுவிலா என்று பிரித்து மூன்று கட்டாகக் கட்டி வையுங்கள். நடுக்கட்டில் வரும் தாள்களைக் கூடுதல் கவனத்தோடு பத்திரப்படுத்துங்கள். அவை, நிர்வாகம் ஒரு கையிலும் உரிமை இன்னொரு கையிலும் இருந்த காலத்துத் தாள்கள். வாரிசுச் சான்றுக்கோ, குடியுரிமைக்கோ, பிள்ளைகள் வெளிநாடு போவதற்கோ என்றைக்காவது ஒரு நாள் யாராவது ஓர் அதிகாரி அந்தக் கட்டைத்தான் கேட்பார்.